ஒருசந்தி வீடு

முத்தியால்பேட்டையில் குடியிருந்த ஆறு வருடமும் நான் ஓர் அம்மாளின் நாக்காக வேலை பார்த்தேன். சம்பளம் கிடையாது. கூப்பிட்டபோது கீழே இறங்கிப்போய், கொடுத்ததை வாயில் போட்டு, எப்படி இருக்கிறது என்று சொல்ல வேண்டும். அவ்வளவுதான். சாப்பாட்டு ராமனாகப் பிறந்தவனுக்கு இதைவிட நல்ல உத்தியோகம் கிடைக்காது என்று ஆபீசில் எல்லோரிடமும் பீற்றிக்கொண்டிருந்தேன்.

அந்த அம்மாள் எங்கள் வீட்டுக்காரர். கீழ்வீட்டில் அவர் தனியாக இருந்தார், மாடியில் நானும் என் மனைவியும். ஐம்பதைத் தாண்டிய வயது. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. வீட்டிலேயே கேக் செய்து கொடுத்துப் பிழைத்தார். கிறிஸ்துமஸ் நெருங்கினால் ரவையும் வெண்ணெயும் ரம்மில் ஊறிய திராட்சையும் போட்டு விவிக்கம் கேக் செய்வார். பாண்டிச்சேரிக்காரர்களுக்கு அது இல்லாமல் பண்டிகை இல்லை. நாங்கள் அவரை அக்கா என்று கூப்பிட்டோம், அவர் என்னைத் தம்பி என்பார். அக்கா கத்தோலிக்கர். நான் தவளக்குப்பத்துக்கு அந்தப் பக்கம் ஒரு கிராமத்தில் நெல்லும் மணிலாக்கொட்டையும் போடுகிற குடும்பத்துப் பிள்ளை. டவுனில் அரசாங்க ஆபீசில் கிளார்க். எங்கள் வீட்டில் விரதம் என்றால் கடைசியில் வடையும் பாயசமும் வரும். அந்த ஒரு காரணத்துக்காகவே எனக்கு விரதங்கள் மேல் மரியாதை உண்டு.

குடிவந்த வருடம் டிசம்பரில் ஒரு புதன்கிழமை காலை, அக்கா மாடிப்படியின் கீழ் நின்று கூப்பிட்டார். கையில் ஒரு கிண்ணம், அதில் கேக் மாவு.

"தம்பி, இத கொஞ்சம் வாயில போட்டுப் பாருங்களேன்."

போட்டுப் பார்த்தேன். சொர்க்கம். "ரொம்ப நல்லா இருக்குதுக்கா" என்றேன்.

"நல்லா இருக்குதுன்னா என்னா அர்த்தம்? சக்கர தூக்கலா இருக்குதா, கம்மியா இருக்குதா? கிராம்பு மொதல்ல வருதா, கடைசியில வருதா?"

"நீங்களே பாக்கலாமேக்கா?"

"நான் இன்னிக்கி ஒருசந்தி. பன்னெண்டு மணி அடிக்கற வரைக்கும் நாக்குல எதுவும் வெக்க மாட்டேன்."

ஒருசந்தி என்றால் ஒருநாளைக்கு ஒரே வேளைச் சாப்பாடு. அதோடு சுத்தபோசனமும் உண்டு, அதாவது கறி கிடையாது. தவக்காலத்தில் கத்தோலிக்கர்கள் இருப்பார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். கேக் சுடுகிற டிசம்பரில் எதற்கு? அக்கா விளக்கினார். அந்தக் காலத்தில் வருடத்துக்கு நான்கு பருவத்திலும் ஒவ்வொரு வாரம், புதன், வெள்ளி, சனி மூன்று நாளும் நோன்பு இருந்திருக்கிறார்கள். பிரெஞ்சுக்காரர் காலத்து ஆபீசில் வேலை பார்த்த அவருடைய அப்பா அதை பிரெஞ்சில் 'காத்ர் தாம்', நான்கு காலம், என்பாராம். பிறகு கோயிலிலேயே அது கட்டாயமில்லை என்று ஆகி, மெல்ல எல்லோரும் மறந்துவிட்டார்கள். அப்பா மட்டும் சாகும்வரை இருந்தார். அவரோடு வீட்டில் அது நின்றுபோயிற்று. பல வருடம் கழித்து அக்காதான் மறுபடி ஆரம்பித்திருக்கிறார்.

"கட்டாயம் இல்லன்னு ஆயிடுச்சில்ல, அப்புறம் எதுக்குக்கா?" என்று கேட்டேன்.

"கட்டாயம் இல்லாததாலதான் தம்பி" என்றார். "கட்டாயமா இருந்தா நானும் ஏமாத்தியிருப்பேன்."

அவர் ஏமாற்றுகிற ஆள் இல்லை என்பது எனக்குச் சீக்கிரமே தெரிந்துவிட்டது. கிறிஸ்துமஸுக்கு முந்தைய அந்த வாரம்தான் அவருக்கு வருடத்திலேயே அதிக வேலை. அடுப்படியில் நெய்யும் ரம்மும் ஏலக்காயும் சேர்ந்த வாசம் மாடியில் இருக்கிற எங்களைத் தூங்கவிடாது. அந்த வாசத்தின் நடுவில் காலை ஐந்து மணியிலிருந்து நின்றுகொண்டு, முந்திரி உடைத்து, முட்டை அடித்து, சூட்டில் வேர்த்து வழிந்து, ஒரு திராட்சையைக்கூட வாயில் போடாமல் இருப்பார். கோயிலில் பகல் மணி அடித்ததும் செய்துகொண்டிருக்கிற வேலையை அப்படியே வைத்துவிட்டுக் கை கழுவுவார். ஜெபம் சொல்வார். பிறகு கஞ்சி, ஒரு துவையல். சாயங்காலம் பால் விடாத காப்பி ஒரு டம்ளர். நான் ஒருநாள் ஆபீசில் டீ வரத் தாமதமானதற்கே பியூனோடு சண்டை போட்டவன். எனக்கு அவரைப் பார்க்கப் பார்க்க மலைப்பாக இருக்கும்.

இன்னொரு விசேஷம், நோன்பு நாட்களில்தான் அவர் நன்றாக உடுத்துவார். மற்ற நாளில் மாவு படிந்த நைட்டிதான். ஒருசந்தி அன்று தலைக்கு எண்ணெய் வைத்துப் படிய வாரி, கஞ்சி போட்டுத் தேய்த்த காட்டன் புடவை கட்டியிருப்பார். கேக் வாங்க வருகிறவர்கள் "என்னா விசேஷம்?" என்று கேட்பார்கள். "சும்மாத்தான்" என்பார். பசிக்கிற முகத்தை ஊருக்குக் காட்டக் கூடாது என்று அப்பா சொல்லியிருக்கிறாராம்.

மீன் சாப்பிடலாமா என்று நான் ஒருமுறை கேட்டேன், எனக்கு அந்தக் கவலை. "மீனு கறிக் கணக்குல வராது தம்பி. சாப்புடலாம். ஆனா பெரிய மார்க்கெட்டுக்குப் போயி வஞ்சிரமா பாத்து வாங்கியாந்து வறுத்துத் தின்னுட்டு, நான் நோன்புன்னு சொல்லிக்கிறதுக்கு வெக்கமா இருக்காது?" என்றார். நான் அந்த வஞ்சிரத்தையே நினைத்துக்கொண்டு மாடி ஏறினேன்.

தன்னிடம் அப்படிக் கறாராக இருந்தவர் மற்றவர்களிடம் எப்படி இருந்தார் என்பதையும் சொல்ல வேண்டும். மூன்றாவது டிசம்பரில் நான் ஒரு காரியம் செய்தேன். டி.வி.யில் கிரிக்கெட் ஓடிக்கொண்டிருந்தது. அக்கா கிண்ணத்தோடு மேலே வந்தார். ஒரு விரல் எடுத்து வாயில் போட்டுக்கொண்டு, கண்ணை டி.வி.யிலிருந்து எடுக்காமல், "சரியா இருக்குதுக்கா" என்று சொல்லிவிட்டேன். எட்டு கேக் வெந்து இறங்கிய பிறகு, மணி அடித்து ஒரு துண்டை அவர் வாயில் போட்டால், சர்க்கரை பாதிகூட இல்லை. என் மனைவி என்னைத் திட்டிய திட்டை இங்கே எழுத முடியாது. அக்காதான் அவளைத் தடுத்தார். "அவர எதுக்கும்மா திட்டற? நாக்கு என்னுது. அதை அவர்கிட்ட குடுத்தது நான்தானே" என்று சொல்லிவிட்டு, எட்டையும் தெருவில் இருந்த பிள்ளைகளுக்கு வெட்டிக் கொடுத்துவிட்டு, மறுபடி முதலிலிருந்து மாவு கலக்கத் தொடங்கினார். அன்று சாயங்காலக் காப்பியும் குடிக்கவில்லை என்று பிறகு தெரிந்தது. என் தப்புக்கு அவர் அபராதம் கட்டிக்கொண்டிருந்தார். எனக்குக் கூச்சமாகப் போய்விட்டது. அதற்கப்புறம் மாவு ருசி பார்க்கும்போது கண்ணை மூடிக்கொள்வேன்.

மே மாதத்தில் இன்னொன்று வரும். ஆண்டவர் பரலோகத்துக்கு எழுந்தருளிய திருநாளுக்கு முந்தின மூன்று நாள். அந்தக் காலத்தில் அந்த நாட்களில் சாமியாரும் ஜனங்களும் பிரார்த்தனை பாடிக்கொண்டு வயல் வயலாகப் போய் விளைச்சலுக்காக வேண்டிக்கொள்வார்களாம். முத்தியால்பேட்டையில் வயலுக்கு எங்கே போவது? அக்கா வீட்டையே சுற்றி வருவார். காலையில் கையில் ஒரு மெழுகுவத்தியோடு வாசலில் ஆரம்பித்து, அடுப்படி, கிணறு, தண்ணி மோட்டார், மாடிப்படி என்று அர்ச்சிஷ்டவர்கள், அதாவது புனிதர்கள், பேரை ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே, 'எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்' என்று தனக்குத்தானே பதிலும் சொல்லிக்கொண்டு போவார். என்னுடைய ஸ்கூட்டரும் அந்த வழியில்தான் நிற்கும். அதையும் விடமாட்டார். எங்கள் மொட்டைமாடியில் என் மனைவி வைத்திருந்த நான்கு தக்காளிச் செடிக்கு முன்னால் வந்து நின்று, அதுதான் வயல் என்று முடிப்பார்.

முதல் வருடம் முடித்துவிட்டு என்னைப் பார்த்து, "உங்க ஊர்ல நெலம் இருக்குதில்ல? இப்ப என்னா போட்டிருக்கீங்க?" என்று கேட்டார்.

"சொர்ணவாரி நெல்லுக்கா. ஒன்ற காணி."

திரும்பி நின்று, என் அப்பா பேரைக் கேட்டுத் தெரிந்துகொண்டு, அந்த ஒன்றரைக் காணிக்காகத் தனியாக ஒரு ஜெபம் சொன்னார். நான் விளையாட்டாக அதை அப்பாவிடம் போனில் சொல்லிவைத்தேன். அதற்கப்புறம் ஒவ்வொரு மே மாதமும் அப்பா போன் செய்வார். எங்கள் ஊர் அம்மனுக்குக் கூழ் ஊற்றுகிற கையோடு, "அந்தம்மா நம்ம நெலத்துக்கு வேண்டிக்கினாங்களாடா?" என்று கேட்டுத் தெரிந்துகொண்டால்தான் அவருக்கு நிம்மதி. விளைந்ததா என்று கேட்காதீர்கள். நன்றாக விளைந்த வருடமும் உண்டு, காய்ந்த வருடமும் உண்டு.

இத்தனை நோன்பும் யாருக்காக என்று நான் நான்காவது வருடம்தான் கேட்டேன். அக்கா மாவைக் கலக்கிக்கொண்டே, எதையும் மறைக்காமல் சொன்னார்.

அவருக்கு ஒரே தம்பி. அம்மாவும் அப்பாவும் போன பிறகு அக்காதான் ஆளாக்கினார். அவன் கோயிலில் பூசை வைக்கிற சாமியாராகப் போனான். குருப்பட்டம் வாங்கின அன்று தெரு முழுக்கக் கேக் கொடுத்திருக்கிறார். சில வருடம் கழித்து அவன் அந்தப் பட்டத்தை விட்டுவிட்டு, பள்ளிக்கூடத்தில் கூட வேலை பார்த்த டீச்சர் ஒருத்தியைக் கல்யாணம் செய்துகொள்ளப் போகிறேன் என்று வந்து நின்றான்.

"நான் ஒரு வார்த்த சொன்னேன் தம்பி. நான் செத்தாக்கூட இந்த வீட்டுக்கு வராதன்னு சொன்னேன். அவன் திரும்பிப் பாக்காம போயிட்டான். அந்த வருஷம் ஆரம்பிச்சதுதான் இந்த நோன்பு. அந்தக் காலத்துல இந்த நாளுங்கள்லதான் சாமியாருங்களுக்குப் பட்டம் குடுப்பாங்க. சாமியாருங்களுக்காக வேண்டிக்கிற நாளு இது."

"அவரு திரும்பி சாமியாரா ஆவணும்னா வேண்டிக்கிறீங்க?"

கரண்டி நின்றது. "மொதல்ல அப்படித்தான் வேண்டிக்கினேன். இப்ப என்னா கேக்கறேன்னு எனக்கே தெரியல. அவன ஒரு தடவ பாத்தா போதும்னு இருக்குது."

"எங்க இருக்காரு?"

"உங்க ஊருப் பக்கம்தான். தவளக்குப்பம்."

அரை மணி நேர தூரம். நான் போய்க் கூட்டிவரட்டுமா என்று கேட்டேன். தலையை ஆட்டினார். "சொன்ன சொல்ல நான் மாத்துனதே இல்ல தம்பி. எப்படி மாத்தறதுன்னு எனக்குத் தெரியல." யாருடைய தப்பையும் ஒரு நொடியில் மன்னிக்கிற அந்த அம்மாளுக்கு, தான் சொன்ன ஒரு வாக்கியத்திலிருந்து வெளியே வர வழி தெரியவில்லை. அன்று முதல்முறையாக எனக்கு அவரைப் பார்த்துப் பயமும் வந்தது, பாவமாகவும் இருந்தது.

இதற்குள் தெருவில் இன்னும் நான்கு வீட்டுப் பெண்கள் அக்காவைப் பார்த்து நோன்பு இருக்க ஆரம்பித்திருந்தார்கள். அவர்களுடைய சொந்தக்காரர்களும் கேட்டார்கள். ஐந்தாவது வருடம் ஆகஸ்டில், தேதிகளை எல்லாம் ஒரு சீட்டில் போட்டுக் கொடுத்துவிடலாம் என்று அக்காவுக்குத் தோன்றியது. அவர் சொல்லச் சொல்ல நான் ஆபீஸ் கம்ப்யூட்டரில் அடித்து நூறு சீட்டு எடுத்துவந்தேன். விவரத்துக்கு என்று கீழே ஒரு போன் நம்பர் போட வேண்டும். அக்காவின் நம்பரைப் போட்டால் கேக் ஆர்டரும் நோன்பும் குழம்பிவிடும் என்று என் நம்பரைப் போட்டோம்.

அப்படித்தான் நெற்றியில் திருநீறோடு ஆபீஸ் போகிற நான் புதுச்சேரி கத்தோலிக்கர்களின் நோன்பு ஆலோசகன் ஆனேன். "சார், டீ குடிக்கலாமா?" என்று கேட்பார்கள். "பால் விடாம குடிக்கலாம்மா" என்பேன், பிஷப் மாதிரி. ஒரு அம்மாள் சுகருக்கு மாத்திரை போடுகிறேன், என்ன செய்வது என்று கேட்டார். போனைப் பிடித்துக்கொண்டே கீழே ஓடினேன். "அவங்க நோன்பே இருக்கக் கூடாதுன்னு சொல்லுங்க. வேளைக்கு சாப்பிட்டுட்டு, பசியோட இருக்கற ஒருத்தருக்கு ஒரு வேள சோறு போடச் சொல்லுங்க, அது இதவிடப் பெருசு" என்றார் அக்கா.

செப்டம்பர் வந்தது. நான்கு பருவத்துக்கும் அப்பா சொல்லிக்கொடுத்த கணக்கு ஒன்று அக்காவிடம் இருந்தது. சாம்பல் புதன், பரிசுத்த ஆவியின் திருநாள், சிலுவைத் திருநாள், லூசியம்மாள் திருநாள், இந்த நான்குக்கும் அடுத்து வருகிற புதன்கிழமை ஆரம்பம். செப்டம்பர் பதினான்கு சிலுவைத் திருநாள். அந்த வருடம் அது புதன்கிழமையிலேயே வந்தது. அன்றைக்கே ஆரம்பம் என்று அக்கா சீட்டில் போடச் சொல்லியிருந்தார். எல்லோரும் அப்படியே இருந்தார்கள். புதன், வெள்ளி, சனி மூன்றும் நல்லபடியாக முடிந்தன.

சனிக்கிழமை சாயங்காலம் என் போன் அடித்தது. ஓர் ஆண் குரல், மெதுவாக, தயங்கித் தயங்கிப் பேசியது.

"சார், நோன்புச் சீட்டுல இந்த நம்பர் இருந்துது. இன்னிக்கித்தான் ஒருத்தர் குடுத்தாரு. தேதி தப்பா இருக்குது சார்."

"எப்படி சார் தப்பு?"

"சாம்பல் புதன் புதன்கிழமையிலதான வருது. அன்னிக்கேவா காத்ர் தாம் ஆரம்பிக்கறோம்? அதுக்கு அடுத்த புதன்தான? சிலுவைத் திருநாளும் அப்படித்தான் சார். புதன்லயே வந்தா அடுத்த வாரம் போயிடும். வர்ற புதன்தான் ஆரம்பம். எழுதினவங்ககிட்ட சொல்லிடுங்க. அவங்களுக்குத் தப்பா இருந்தா மனசு தாங்காது."

"நீங்க யாரு பேசறது?" என்று கேட்பதற்குள் வைத்துவிட்டார்.

கீழே போய் வார்த்தை மாறாமல் சொன்னேன். அக்கா முதலில் கணக்கைத்தான் யோசித்தார். காலண்டரைப் பார்த்தார், விரல் விட்டு எண்ணினார், "ஆமாம், தப்புத்தான்" என்றார். பிறகுதான், "என்னான்னு சொன்னாரு? திரும்ப சொல்லுங்க" என்றார். காத்ர் தாம் என்று சொன்னார் என்றேன். அந்தச் சொல்லை அந்த ஊரில் அப்பாவிடமிருந்து கேட்டவர்கள் இரண்டே பேர்தான், அக்காவும் அவருடைய தம்பியும். அக்கா நாற்காலியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். "ஒம்பது வருஷம் ஆச்சு" என்று மட்டும் சொன்னார். நம்பர் என் போனில் இருக்கிறது, கூப்பிடட்டுமா என்றேன். வேண்டாம் என்று கையைக் காட்டினார்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் அந்த நான்கு வீட்டுக்கும் அக்கா தானே நடந்துபோய்ச் சொன்னார். தேதி தப்பு, தப்பு என்னோடது, நீங்கள் இருந்ததே போதும், யாரும் மறுபடி இருக்க வேண்டாம். திரும்பி வந்து, வருகிற புதன்கிழமை தான் மறுபடி இருக்கப்போவதாக எங்களிடம் சொன்னார். என் மனைவிக்குப் பொறுக்கவில்லை.

"அக்கா, மூணு நாளு இருந்துட்டீங்களே. சாமி என்ன காலண்டர் பாத்துக்கினா உக்காந்திருக்குது?"

"அது என் தப்புக்கு இருந்தது. இது நோன்புக்கு" என்றார்.

அந்தப் புதனும் வெள்ளியும் அவர் இருந்ததைப் பார்த்தேன். எப்போதும் போலக் கஞ்சி போட்ட புடவை, வாரிய தலை. ஆனால் வேலை ஓடவில்லை. அடுப்படியில் நின்றபடி சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பார். என் போன் அடித்தால் மாடிப்படியின் கீழே வந்து நிற்பார், யாரென்று கேட்காமல். போக வேண்டும் என்று அவருக்கு ஆசை, போனால் தான் சொன்ன சொல் என்னாவது என்கிற பிடிவாதம். ஆறு பேருக்கு ஒரே நாளில் கேக் செய்து கொடுக்கிற அந்தக் கைகள் இந்த ஒன்றில் தவித்ததை நான் வேறு எப்போதும் பார்த்ததில்லை.

சனிக்கிழமை காலை பத்து மணிக்குக் கீழேயிருந்து குரல் வந்தது. கையில் ஒரு தூக்குவாளி. அவருடைய அன்றைய ஒருவேளைக் கஞ்சி, இரண்டு பேருக்குக் காணும்.

"தம்பி, வண்டி எடுக்கறீங்களா? தவளக்குப்பம் போவணும். பன்னெண்டு மணிக்கு அவன்கூட உக்காந்து குடிச்சுட்டு வந்துடலாம்."

அக்கா என் ஸ்கூட்டரில் ஏறியது அதுதான் முதல் தடவை. கடலூர் ரோட்டில் லாரிக்கு லாரி என் தோளை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். தவளக்குப்பம் சந்திப்பில் திரும்பியதும், வழி கேட்க நான் வண்டியை நிறுத்தப் போனேன். "நேரா போங்க. மளிகைக் கடைக்குப் பக்கத்துல பச்ச கேட்டு" என்றார். ஒன்பது வருடமாக அந்த விலாசம் அவர் மனதில் இருந்திருக்கிறது.

கதவைத் திறந்தவர் ஒல்லியான, கண்ணாடி போட்ட மனிதர். அக்காவைப் பார்த்ததும் கதவைப் பிடித்த கை அப்படியே நின்றுவிட்டது.

"தேதி தப்பா போட்டுட்டேன்டா" என்றார் அக்கா.

"பரவால்லக்கா. உள்ள வாங்க."

சின்ன வீடு. இரண்டு பிளாஸ்டிக் நாற்காலி. அக்காவும் தம்பியும் எதிரெதிரே உட்கார்ந்தார்கள், நான் வாசல்படியில். அப்பா சிலுவைத் திருநாள் கணக்கை எந்த வருடம் சொல்லிக்கொடுத்தார் என்று அக்கா கேட்டார், தம்பி சொன்னார். பிறகு அக்கா மடியில் இருந்த தூக்குவாளியின் மூடியைச் சரிசெய்துகொண்டிருந்தார். நான் மளிகைக் கடைக்குப் போகிற சாக்கில் எழுந்திருக்கலாமா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். உள்ளே பாத்திரம் உருளும் சத்தம் கேட்டது. கொஞ்ச நேரத்தில் தம்பியின் மனைவி ஒரு தட்டோடு வந்து நின்றாள். தட்டில் ஆவி பறக்க உப்புமா. வீட்டுக்கு வந்தவர் யார் என்று தெரிந்ததும் கை கால் ஓடாமல், அவசர அவசரமாகக் கிண்டியிருக்கிறாள்.

"அண்ணி, கொஞ்சம் சாப்புடுங்க."

தம்பிக்கு முகம் சுருங்கிவிட்டது. "அக்கா பன்னெண்டு மணிக்கு முன்னாடி சாப்புட மாட்டாங்க. இன்னிக்கி ஒருசந்தின்னு காலையிலயே சொன்னேனே. நானும்தான் சாப்புடல."

"ஐயோ, மறந்தே போயிட்டேன்" என்றாள் அவள். தட்டைப் பின்னால் இழுத்துக்கொண்டாள். கண் கலங்கிவிட்டது. மறுபடியும் ஒருமுறை தன்னை வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள் என்கிற மாதிரிதான் அவள் நின்றாள்.

அக்கா சுவரில் இருந்த கடிகாரத்தைப் பார்த்தார். மணி பதினொன்று. பிறகு எழுந்துபோய் அவள் கையிலிருந்து தட்டை வாங்கிக்கொண்டு வந்து உட்கார்ந்து, ஒரு வாய் எடுத்துப் போட்டுக்கொண்டார்.

"அக்கா, மணி இன்னும் ஆவல" என்றார் தம்பி.

"தெரியும்டா. நீயும் உக்காந்து சாப்புடு."

அவர் சாப்பிட்டார். தம்பியும் சாப்பிட்டார், கண்ணாடியைக் கழற்றித் துடைத்துத் துடைத்து மாட்டிக்கொண்டே. எனக்கும் ஒரு தட்டு வந்தது. வாழ்க்கையில் ஒருமுறையாவது சாப்பாட்டை முன்னால் வைத்துக்கொண்டு சாப்பிட முடியாமல் உட்கார்ந்திருந்தேன் என்றால் அது அன்றுதான். ஒரு வாரம் முந்திப்போனதற்கு மூன்று நாளையும் திரும்ப இருந்தவர், கடைசி நாளில், ஒரு மணி நேரம் பாக்கி இருக்கும்போது, அதை அந்தப் பெண்ணின் கைக்குக் கொடுத்துவிட்டார். அவர் நோன்பு இருந்ததைப் பார்த்து ஐந்து வருடம் மலைத்தவன் நான். அன்று அதை விட்டதைப் பார்த்தபோது எழுந்து கும்பிட வேண்டும் போல இருந்தது.

தட்டு காலியானதும் அக்கா தலையை நிமிர்த்தி அவளைப் பார்த்தார்.

"உன் பேரு என்னாம்மா?"

அவள் சொன்னாள். அக்கா அந்தப் பேரைத் தன் வாயால் ஒருமுறை மெதுவாகச் சொல்லிப் பார்த்துக்கொண்டு, தட்டை அவளிடம் நீட்டி இன்னும் ஒரு கரண்டி கேட்டார்.